வெயிலை ஜன்னலுக்கு வெளியே நிறுத்துங்கள்

சித்திரை பிறக்கும் நாளில் தென்காசியில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 13, 14 தேதிகளில் சூரியனும் அதே பாகைக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்தே விழும். 'வடக்கு ஜன்னலுக்கு உச்சி வெயில் வராது' என்பது டெல்லிக்குப் பொருந்தும், தென்காசிக்குப் பொருந்தாது. ஆனாலும் உச்சி வெயிலைப் பற்றி நாம் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அது ஏறத்தாழச் செங்குத்தாக விழுவதால் ஒன்றரை அடி சன்ஷேடே தடுத்துவிடும்.

வம்பு மேற்கு ஜன்னலில்தான். மே மாதம் மாலை நான்கு மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து 35 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். அப்போது அதே ஒன்றரை அடி சன்ஷேடின் நிழல் ஜன்னலின் மேல் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் விழும். நான்கடி ஜன்னல் என்றால் மிச்சம் மூன்றடியும் வெயிலில் காயும். குற்றாலம் மலையடியிலேயே இருப்பதால் அந்திவெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. தென்காசிக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. கிழக்கே ஆலங்குளம் பக்கம் போகப் போக இன்னும் குறைவு.

பழைய வீடுகளில் இதற்கு ஸ்கிரீன் தேவைப்படவில்லை. இரும்புக் கம்பிக்கு வெளியே இரண்டு மரக்கதவுகள் இருந்தன. வெயிலுக்கு மேல்கதவைச் சாத்தி, காற்றுக்குக் கீழ்க்கதவைத் திறந்து வைத்தார்கள். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் மரத்தின் இடத்துக்குக் கண்ணாடி வந்தது. இப்போது கட்டும் வீடுகளில் பக்கவாட்டில் தள்ளும் யூபிவிசி ஜன்னல்கள். இவற்றில் ஒரு பலகை மற்றொன்றின் மேல் ஏறி நிற்பதால் எப்போதும் பாதி ஜன்னல்தான் திறக்கும். மரக்கதவு போய்க் கண்ணாடி வந்த அந்த மாற்றம்தான் ஜன்னல் திரை வியாபாரத்துக்கு வழி திறந்துவிட்டது என்பேன். வெளியே நின்ற தடுப்பை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு துணியைத் தொங்கவிட்டோம்.

துணி உள்ளே இருப்பதுதான் சிக்கல். சாதாரண 3 மி.மீ. கண்ணாடி தன்மேல் விழும் சூரிய வெப்பத்தில் சுமார் 85 விழுக்காட்டை அறைக்குள் அனுப்பிவிடும். அந்த வெயில் ஸ்கிரீனில் பட்டதும் துணி சூடேறுகிறது. சூடான துணி நீண்ட அலைநீளமுள்ள வெப்பக்கதிர்களை உமிழும். வந்த வெயிலுக்கு வழிவிட்ட கண்ணாடி, இந்தக் கதிர்களை நேராக வெளியே போகவிடாது. கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே சூடான காற்று மேலே ஏறி, ஸ்கிரீன் ராடின் இடைவெளி வழியாக அறைக்குள் நுழையும். நாலரை மணிக்கு மேற்கு ஜன்னலின் ஸ்கிரீனை விலக்காமல், அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். சமையலறை அனல் கையில் அடிக்கும். கடைகளில் இப்போது அதிகம் கேட்கப்படும் 'பிளாக்அவுட்' துணி வெளிச்சத்தை முழுக்க மறைக்கும். ஆனால் அதன் கண்ணாடிப் பக்கம் அடர்நிறமாக இருந்தால் வெப்பம் அறைக்குள் வந்தே தீரும். முதுகுப்புறம் வெள்ளையாக இருந்தால் வெயிலில் ஒரு பங்கைக் கண்ணாடி வழியே திருப்பி அனுப்பும். அவ்வளவுதான் அதனால் முடியும்.

அரசின் விதியும் இதே இயற்பியலைத்தான் ஏற்கிறது. எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'இகோ நிவாஸ் சம்ஹிதா', வீட்டின் சுவர், ஜன்னல் வழியே நுழையும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்தக் கணக்கில் கண்ணாடியின் தரம் உண்டு, வெளியே நீட்டிய சன்ஷேட் உண்டு. உள்ளே தொங்கும் ஸ்கிரீனுக்கு இடமில்லை.

வெளியே கட்டுவதற்கு நம்மிடம் எப்போதும் பொருள் இருந்திருக்கிறது. மூங்கில் தட்டி, பனையோலைத் தட்டி, கோரைப்பாய், நனைத்துத் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். வெட்டிவேர்த் தட்டி அந்த வெப்பத்தை வழியே நுழையும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெளியே 38 டிகிரி வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், காற்று அதிகபட்சம் ஏறத்தாழ 24 டிகிரி வரை குளிரலாம். இது காய்ந்த பங்குனி, சித்திரை வெயிலுக்கான உத்தி. சாரல் காலத்தில் 28 டிகிரி வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும்போது, எவ்வளவு நனைத்தாலும் ஒன்றரை டிகிரிகூடக் குறையாது.

சாரல் என்றதும் துணியின் வேறொரு பிரச்சினையைச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று குற்றாலத்து அறைகளில் நாள்கணக்கில் தங்கிவிடும். பருத்தி இழை 65 விழுக்காடு ஈரப்பதத்திலேயே தன் உலர் எடையில் 8.5 விழுக்காடு அளவுக்கு நீரை உறிஞ்சி வைத்திருக்கும். பாலியஸ்டர் 0.4 விழுக்காடுதான். அதனால் சாரல் சீசனில் பருத்தித் திரையின் அடிமடிப்பில் கரும்புள்ளி விழுகிறது, பூஞ்சை வாடை வருகிறது. பாலியஸ்டருக்கும் முழு விடுதலை இல்லை, மேலே படிந்த தூசியில் பூஞ்சை வளரும். சீசன் முடியும்வரை கனத்த ஸ்கிரீனை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, கொசுவலையை மட்டும் விட்டுக் காற்றாட வைப்பதே இந்த ஊருக்கு ஏற்ற வழி.

உலகச் சந்தையோ வேறு திசையில் ஓடுகிறது. ரோலர் பிளைண்ட், ஜீப்ரா பிளைண்ட், கைப்பேசியில் சொன்னால் ஏறி இறங்கும் மோட்டார் திரை. இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது மோட்டார் அல்ல, கயிறு. பிளைண்டின் இழுகயிற்றில் கழுத்து சிக்கி அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து வயதுக்குட்பட்ட ஒன்பது குழந்தைகள் இறந்திருக்கிறார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. கயிறில்லாத பிளைண்டுகளை நோக்கி அங்கே தரவிதிகள் இறுக்கப்பட்டன. அளவு கொடுத்துச் செய்யும் பிளைண்டுகளையும் சேர்த்து அவற்றின் புதிய வடிவம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் ஊர் வீடுகளிலும் இந்தப் பிளைண்டுகள் மாட்டப்படுகின்றன. சில வீடுகளில் தொட்டிலோ கட்டிலோ அந்த ஜன்னலை ஒட்டியே கிடக்கிறது.

வெப்பத்தைப் பொறுத்தவரை, நல்ல மாற்றம் விலை உயர்ந்த பிளைண்டில் இல்லை. நாற்றங்காலுக்கு வாங்கும் பச்சை நிழல்வலையை மாடியிலும் மேற்குச் சுவரிலும் கட்டத் தொடங்கியிருக்கிறார்களே, அதுதான் அறிவியல்படி சரியான ஜன்னல் திரை. 50 விழுக்காடு, 75 விழுக்காடு என்று நிழல் அளவு சொல்லியே விற்கிறார்கள். சூடேறுவது வலைதான். அந்தச் சூட்டை வெளிக்காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். சுவரைவிட்டு ஓர் அடியாவது தள்ளிக் கட்ட வேண்டும், ஆடிக்காற்றில் கிழியாதபடி நான்கு மூலையிலும் இறுக்க வேண்டும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கிரீன் துணி எடுக்கக் கடைக்குப் போகுமுன், மேற்கு ஜன்னலுக்கு வெளியே வலையோ தட்டியோ தொங்கவிட நான்கு கொக்கி அடித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால், பிளைண்டின் கயிற்றை இன்றைக்கே எட்டாத உயரத்தில் சுற்றிக் கட்டுங்கள். கட்டிலையும் அங்கிருந்து நகர்த்திவிடுங்கள்.