கிரேன் ஏன் கவிழ்வதில்லை?

கோலாலம்பூரில் கட்டடம் எழும் இடமெல்லாம் கோபுரக் கிரேன் நிற்கும். நெடிய தூணின் உச்சியில் ஒரு பக்கம் நீளமான கை, மறுபக்கம் குட்டையான கை. நீளக் கையில் சுமை தொங்கும். குட்டைக் கையின் முனையில் கனத்த கான்கிரீட் பாளங்கள் இருக்கும். கிரேன் நிமிர்ந்து நிற்பதில் அந்தப் பாளங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரு விசை பொருளைச் சுழற்ற முயலும் அளவே திருப்புத்திறன். விசையை, சுழலும் புள்ளியிலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். தூணிலிருந்து 60 மீட்டரில் 3 டன் இரும்புக் கம்பி தொங்கினால், 3 × 60 = 180 டன்-மீட்டர். மறுபக்கம் 15 மீட்டரில் 12 டன் பாளம் இருந்தால் அதுவும் 180. இரண்டும் ஈடு. தேர்வுத்தாளில் எடையை நியூட்டனில் எழுத வேண்டும், ஆனால் புவியீர்ப்பு முடுக்கமான 9.8 இரு பக்கமும் பெருகுவதால் சமநிலை மாறாது.

இதே கணக்கில், 20 மீட்டரில் 9 டன் தூக்கலாம். அதனால்தான் கிரேன் ஓட்டுநரிடம் எந்தத் தூரத்தில் எவ்வளவு சுமை என்ற அட்டவணை இருக்கும்.

நடைமுறையில் ஒரு சிக்கல். முழுச் சுமைக்கும் ஈடாகப் பாளம் வைத்தால், கொக்கி காலியாக இருக்கும்போது கிரேன் பின்பக்கம் அதிகமாக இழுபடும். ஆகவே பொறியாளர்கள் நடுவான ஓர் அளவைத் தேர்கிறார்கள். காலியாக இருக்கையில் தூண் சற்றுப் பின்னே வளையும். சுமை ஏறினால் முன்னே வளையும். மிஞ்சும் திருப்புத்திறனைத் தூணும் அடித்தளமும் தாங்கிக்கொள்ளும்.

நெரிசலான நகர்ப்பகுதிகளில் கையை மேலே உயர்த்தக்கூடிய கிரேன்களே வசதி. 50 மீட்டர் கையை 60 பாகை உயர்த்தினால், சுமைக்கும் கையின் அடிக்கும் இடையிலான கிடைத்தூரம் 25 மீட்டர்தான். கையின் நீளம் மாறவில்லை. சுமையின் திருப்புத்திறனோ, கை படுத்திருக்கையில் இருந்ததில் பாதி. இவ்வகைக் கிரேன்களுக்குப் பெயர்பெற்றது ஃபெவல் ஃபாவ்கோ. ஆஸ்திரேலியாவில் தோன்றிய இந்நிறுவனம் இன்று கிள்ளானைச் சேர்ந்த முஹிபா இன்ஜினியரிங் குழுமத்தில் இருக்கிறது. 452 மீட்டர் உயர பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்திலும், துபாயின் புர்ஜ் கலீஃபாவிலும் வேலை செய்தவை அதன் கிரேன்கள்.

திருப்புத்திறன் கணக்குகளில் மாணவர்கள் பலர் மதிப்பெண் இழப்பது பெருக்கலில் அல்ல, தூரத்தில். சாய்ந்த கையின் நீளத்தையே தூரமாக எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கைத் தொடங்குமுன் படம் வரையுங்கள். சுழலும் புள்ளியைக் குறியுங்கள். அங்கிருந்து விசையின் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்த பிறகே பெருக்குங்கள்.