நேரில் சென்று பார்க்கும் உரிமை

கியூபாவை முன்னிட்டு 1962 அக்டோபரில் அணுயுத்தத்தின் விளிம்புவரை சென்று திரும்பிய பின்னர், அணுகுண்டுப் பரிசோதனைகளை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்னும் எண்ணம் கென்னடிக்கும் குருஷேவுக்கும் மெய்யாகவே உண்டாயிற்று. ஆயினும் அந்த எண்ணம் ஓர் எண்ணிக்கைத் தகராறில் சிக்கிக்கொண்டது. பூமிக்கடியில் தோன்றிய அதிர்வு பூகம்பமா, ரகசிய வெடிப்பா என்று சந்தேகம் எழுந்தால் நேரில் சென்று பார்க்க ஆண்டுக்கு ஏழு முறையேனும் அனுமதி வேண்டும் என்றது வாஷிங்டன். அது வேவு பார்ப்பதற்கே வழிகோலும், மூன்றுக்குமேல் இசையோம் என்றது மாஸ்கோ. முடிவில் 1963 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மாஸ்கோவில் கையொப்பமான உடன்படிக்கை, வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் வெடிப்புகளைத் தடைசெய்து, நிலத்தடியை விட்டுவிட்டது. காற்றில் கலந்துவந்த கதிரியக்க நஞ்சு குறைந்தது மகத்தான நன்மையே. எனினும் நிலத்தடிச் சோதனைகள் மேலும் கால் நூற்றாண்டுக்குமேல் நீடித்தன. அமெரிக்க செனட்டில் இருந்த எதிர்ப்பும் அதற்குக் காரணந்தான். ஆனால் அந்த நான்கு முறை வித்தியாசத்தை நினைக்குந்தோறும் நெஞ்சு பதைக்கிறது.

1986 அக்டோபரில் ரெய்க்யவிக் நகரில் ரீகனும் கோர்பச்சேவும் விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றிய பிணக்கால் வெறுங்கையுடன் பிரிந்தபோதிலும், மறு ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி வாஷிங்டனில் அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம், 500 முதல் 5,500 கிலோமீட்டர்வரை செல்லக்கூடிய, நிலத்திலிருந்து ஏவப்படும் ஏவுகணைகளை அறவே ஒழித்தது. 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. முன்னாளில் மூன்றா ஏழா என்று வாதாடிய தேசங்கள், இப்போது ஒருவர் தொழிற்சாலை வாசலில் மற்றவர் குடியிருக்கவே இசைந்தன. சங்கீத மேதை சைகோவ்ஸ்கி பிறந்த வோட்கின்ஸ்க் ஊரிலுள்ள ஏவுகணை ஆலையில், தடைசெய்யப்பட்ட எஸ்.எஸ்.-20-ஐ ஒத்த முதற்கட்டத்தையுடைய எஸ்.எஸ்.-25 தயாராகி வந்தமையால், வாயிலைத் தாண்டும் ரயில் வண்டிகளை அமெரிக்கப் பரிசோதகர்கள் அளந்தும் எக்ஸ் கதிர்களால் ஊடுருவியும் பார்த்தனர்; யூட்டா மாநிலத்து மாக்னாவில் சோவியத் பரிசோதகர்கள் அவ்வாறே காவலிருந்தனர். பனியிலும் வெயிலிலும் 13 ஆண்டுகள் நடந்த இந்தச் சலிப்பூட்டும் வேலையைத்தான், தலைவர்களின் கைகுலுக்கல்களைவிட, நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த ஒப்பந்தம் 2019 ஆகஸ்டில் முறிந்தது. அப்போது எஞ்சியிருந்த, இரு நாடுகளின் நெடுந்தூர அணு ஆயுதங்களுக்கு வரம்பிட்ட புதிய ஸ்டார்ட் உடன்படிக்கையின்கீழ் நடந்த நேர்ப்பரிசோதனைகளோ, 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் பொருட்டு நிறுத்தப்பட்டவை, மீண்டும் தொடங்கப்படாமலே இருக்க, 2023 பிப்ரவரியில் ரஷ்யா அவ்வுடன்படிக்கையில் தன் பங்கேற்பையே இடைநிறுத்தியது.