பசு பருவத்துக்கு வரவில்லையா? முதலில் அசைவயிற்றைக் கவனியுங்கள்

கன்று ஈன்று 3 மாதம் ஆகியும் பசு பருவத்துக்கு வரவில்லை. வந்தாலும் ஊசி போட்டுச் சினை நிற்கவில்லை. கோட்டுச்சேரி போன்ற கடைமடை ஊர்களில் வைக்கோலை நம்பி மாடு வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்த சிக்கல்தான். ஒரு பருவம் தவறினால் அடுத்ததற்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் தீவனச் செலவு நட்டம். ‘ஹார்மோன் குறைபாடு’ என்று மருந்து தேடும் முன், மாட்டின் வயிற்றில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

வயிற்றுக்கும் ஹார்மோனுக்கும் என்ன தொடர்பு?

வைக்கோலின் நாரை மாடு தானாகச் செரிப்பதில்லை. அசைவயிற்றில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள்தான் அதை நொதிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் ஒன்றான புரோப்பியானிக் அமிலம் கல்லீரலில் குளுக்கோஸாகிறது. குளுக்கோஸ் குறைந்தால் இன்சுலினும் குறையும். உடம்பில் சத்து இல்லை என்பதை மூளை உணர்ந்து, கருமுட்டையை வெளியேற்றும் எல்.எச். ஹார்மோன் சுரப்பைக் குறைத்துவிடும். சூலகம் வேலை செய்யாது. மாடும் பருவத்துக்கு வராது.

நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதமே. நுண்ணுயிரிகள் பெருகத் தீவனத்தில் குறைந்தது 7 சதவீதம் புரதம் வேண்டும். வைக்கோலை மட்டும் போட்டால் மாட்டின் வயிறு நிறையும்; நுண்ணுயிரிகள் பட்டினி கிடக்கும்.

அளவு மீறினாலும் ஆபத்துதான். மாட்டுப் பொங்கலன்று பொங்கலையும் சோற்றையும் அளவின்றிக் கொடுத்தால் அசைவயிறு புளித்து, நல்ல நுண்ணுயிரிகள் மடிகின்றன. மாடு அசைபோடாது, உயிருக்கே ஆபத்தாகலாம்.

சவுண்டல் தழை சொல்லும் பாடம்

சூபாபுல் எனப்படும் சவுண்டல் தழையில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. அசைவயிற்றில் அது டி.எச்.பி. என்ற பொருளாக மாறி, தைராய்டு ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும். ஆஸ்திரேலியாவில் இதை அதிகம் மேய்ந்த மாடுகளுக்கு முடி கொட்டியது, கழுத்தில் தைராய்டு சுரப்பி வீங்கியது, எடை குறைந்தது. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதே தழையைத் தின்றும் நலமாக இருந்தன. காரணத்தை ஆராய்ந்தவர் ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி. டி.எச்.பி.யைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியா ஹவாய் ஆடுகளின் அசைவயிற்றில் இருந்தது. 1980களில் அது ஆஸ்திரேலிய மாடுகளுக்குச் செலுத்தப்பட்டது, தொல்லை தீர்ந்தது. 1992இல் அந்தப் பாக்டீரியாவுக்கு ‘சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை’ என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. தழை ஒன்றுதான், வயிற்றிலுள்ள நுண்ணுயிரி மாறியதால் ஹார்மோன் நிலையும் மாறியது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வைக்கோலுடன் பயறு வகைப் பசுந்தீவனம் சேருங்கள். வேலிமசால், அகத்தி ஆகியவற்றை வரப்பிலும் வேலியோரத்திலும் வளர்க்கலாம். சவுண்டல் தழை மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

2. வைக்கோலை யூரியா நேர்த்தி செய்யலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வையுங்கள். நெடி போகும்வரை ஆறவிட்டுப் போடுங்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு வேண்டாம். யூரியாவையோ யூரியாத் தண்ணீரையோ நேரடியாகக் கொடுத்தால் மாடு இறந்துவிடும்.

3. தீவனத்தைத் திடீரென மாற்றாதீர்கள். 10 முதல் 15 நாளில் சிறிது சிறிதாக மாற்றினால் நுண்ணுயிரிகள் பழகிக்கொள்ளும். அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்து வையுங்கள்.

4. தாது உப்புக் கலவை தினமும் 30 முதல் 50 கிராம் கொடுங்கள். குடற்புழு நீக்கத்தைத் தவறவிடாதீர்கள்.

5. மாடு படுத்திருக்கும்போது கவனியுங்கள். பாதிக்கு மேற்பட்ட மாடுகள் அசைபோட்டால் தீவனம் ஒத்துக்கொள்கிறது என்று அறியலாம்.

இவ்வளவு செய்தாலும் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கருப்பை நோய், சூலகக் கட்டி போன்றவற்றாலும் சினை தங்காமல் போகலாம். எனவே கன்று ஈன்று 90 நாளாகியும் பருவ அறிகுறி இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்யுங்கள். ஹார்மோன் ஊசியை அவர் சொல்லாமல் போடாதீர்கள். வயிறு காய்ந்த மாட்டுக்கு அந்த ஊசி முழுப் பலன் தராது. தீவனப்பயிர் வளர்ப்பு பற்றிய ஆலோசனைக்குக் காரைக்கால் மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.