அழைப்பு மலிவு, நேரம் அரிது

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் என்றால் அரசு சிமெண்ட் ஆலையும், சுற்றிலும் நடக்கும் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களும் நினைவுக்கு வரும். இவ்வட்டாரத்திலிருந்து சென்னைக்கும் திருப்பூருக்கும், கடல் கடந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றோர் பலர். வெளிநாடுகளில் வாழும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் பேர் என 2015-ஆம் ஆண்டின் தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுக்கும் வீட்டாருக்கும் இடையிலான உறவைப் பேச்சின் பொருளாதாரம் கொண்டு விளக்கலாம் என்று பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் கருதுகிறேன்.

இந்தியாவில் எஸ்.டி.டி. வசதி 1960-இல் கான்பூர் - லக்னோ இடையே தொடங்கியது. பின்னாளில் தெருவுக்குத் தெரு வந்த தொலைபேசிக் கூண்டுகளில், இரவுக் கட்டணச் சலுகைக்காக மக்கள் காத்திருந்தனர். 1995-இல் செல்பேசி வந்தபோது, வரும் அழைப்புக்கும் நாமே பணம் கட்டினோம். 2003-இல் அது நீங்கியது. இன்று இணையவழிப் பேச்சுக்குத் தனிக் கட்டணமே இல்லை எனலாம்.

ஆயினும், ‘பிள்ளையோடு பேசவே முடிவதில்லை’ என்ற குறை ஓயவில்லை. பேச்சின் விலை கட்டணம் மட்டுமன்று. இருபுறமும் ஒரே வேளையில் ஓய்வாக இருப்பதும் அதன் விலையே. கட்டணம் உயர்ந்திருந்த காலத்தில், ‘ஞாயிறு இரவு பத்து மணி’ என்று நாள் குறித்துப் பேசினோம். எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்றானபின், நேரம் குறிக்கும் பழக்கம் போயிற்று.

பட்டாசு ஆலைக்குள் செல்பேசி கொண்டுசெல்லத் தடை உண்டு. உயிர்காக்கும் விதி அது, தளரக் கூடாது. ஆனால், அங்கு வேலை செய்யும் தாய் மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பும்போது துபாயில் மணி நான்கு. மகன் பணியில் இருப்பான். சிங்கப்பூரில் இரவு எட்டு. அங்கே ஓய்வு நேரம், இங்கே அடுப்படி வேலை.

கலந்து பேச இயலாதபோதும் மனிதர் ஒரே இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க முடியும் என்பதை 1960-இல் விளக்கியவர், பின்னர் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் தாமஸ் ஷெல்லிங். இருவருக்கும் இயல்பாகத் தோன்றும் ஒரு புள்ளி போதும் என்றார் அவர். நாம் கலந்து பேசியே அப்புள்ளியை வைத்துக்கொள்ளலாம். இங்கே இரவு எட்டு மணி என்றால் துபாயில் ஆறரை, சிங்கப்பூரில் பத்தரை. வாரம் இரு நாள் அந்த நேரம் வீட்டுக்கு உரியதென ஒதுக்கினால் போதும்.

இவ்வட்டாரத்தில் இதற்கு இன்னொரு தேவையும் உண்டு. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடிவிபத்துகளை நாம் மறக்க இயலாது. அத்தகைய நாளில் செய்தி உடனே உலகெங்கும் பரவும். தாயின் செல்பேசியோ எடுப்பாரின்றி ஒலிக்கும். ஆகவே, வீட்டிலேயே இருக்கும் அண்டை வீட்டார் ஒருவர், தெருக்கடைக்காரர் ஒருவர் என இரண்டு எண்களையேனும் வெளியூரில் இருப்பவர் குறித்துவைக்க வேண்டும். ஆலை நிர்வாகங்களும், உற்பத்திப் பகுதிக்கு வெளியே அலுவலகத்தில் ஒரு தொலைபேசியையும், பதில் சொல்ல ஓர் ஆளையும் வைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குச் செலவு சொற்பம். ஆனால், விபத்து நாளில் செய்ய இயலாது, சாதாரண நாளிலேயே செய்தாக வேண்டும்.

வீட்டுக்குப் பணம் அனுப்ப மாதத்தில் ஒரு தேதி வைத்திருக்கிறோம். குரல் அனுப்பவும் ஒரு நேரம் வைப்போம்.