வென்றவர் தீட்டிய ஓவியம்



சரித்திர நூல்களில் அச்சிடப்பெறும் போர்க்களச் சித்திரங்களை நம் மாணவர் கண்கண்ட சாட்சியாகவே கொள்ளுகின்றனர். எழுத்தில் உள்ளதை ஐயுறுபவர்கூடப் படத்தில் உள்ளதை ஐயுறுவதில்லை. ஆயின், ஓவியமும் ஒருவர் விரும்பிக் கேட்க, மற்றொருவர் தீட்டித் தருவதேயாகும். இதனைத் தெளிந்துகொள்ள, ஒரே பகைமையைக் காட்டும் இரண்டு ஓவியங்களை ஒப்பு நோக்குவோம்.

முதலாவது, ஸ்கொத்லாந்து ஓவியரான சேர் டேவிட் வில்கி 1839ஆம் ஆண்டில் முடித்த எண்ணெய் வண்ண ஓவியம். பதினொரு அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த இரவில், தளபதி டேவிட் பெயர்ட் திப்பு சுல்தானின் உடலைக் கண்டெடுத்த காட்சியை அது காட்டுகின்றது. இருளிடையே விளக்கொளி பரவ, பெயர்ட் நிமிர்ந்து நிற்கின்றார். திப்பு கீழே கிடக்கின்றார். பெயர்டின் காலடியில் நிலவறையொன்றின் இரும்புக் கம்பிகள் தோன்றுகின்றன. அதன் கருத்து யாது? 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் மைசூர்ப் படையிடம் தோற்றுச் சிறைப்பட்டவர்களுள் பெயர்டும் ஒருவர். மூன்றாண்டுகளுக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலே அடைபட்டுக் கிடந்து, 1784இல் விடுதலை பெற்றார். அன்றைய கைதியே இன்றைய வெற்றியாளர் என்பதை அக்கம்பிகள் உணர்த்துகின்றன.

இக்காட்சியை வில்கி நேரிற் கண்டாரா? இல்லை. அவர் இந்தியாவுக்கு வந்தவரே அல்லர். கோட்டை வீழ்ந்த காலத்தில் அவர் பதின்மூன்று வயதுச் சிறுவர். பெயர்ட் 1829இல் மறைந்த பின்னர், கணவரின் புகழை நிலைநிறுத்த விரும்பிய அவருடைய மனைவியார் வேண்டியே இவ்வோவியம் எழுந்தது.

இரண்டாவது ஓவியம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே, தரியா தௌலத் மாளிகைச் சுவரில் உள்ளது. திப்பு சுல்தானின் ஆணைப்படி 1784ஆம் ஆண்டளவில் தீட்டப்பெற்றது. அங்கே பொள்ளிலூரில் ஆங்கிலேயர் அடைந்த தோல்வியே பொருள். படைத்தலைவர் பெய்லி காயமுற்றுப் பல்லக்கில் இருக்கின்றார். வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடிக்கின்றது. மைசூர்ப் படை சூழ்ந்து நெருங்குகின்றது. ஒன்றில் வீழ்ந்து கிடப்பவர், மற்றொன்றில் வெற்றி வேந்தர்!

இவ்வேறுபாடு நம் கண்டி மாநகருக்கும் புதிதன்று. 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றினர். அவ்வாண்டு ஜூன் மாதத்திலே, அங்கு தங்கியிருந்த மேஜர் டேவியின் படை சரணடைந்தது. அதன் வீரர் பலர் கொல்லப்பட்டனர். ஆங்கில நூல்கள் அதனைப் படுகொலை என்றன. கண்டியரசுக்கோ அது தலைநகரை மீட்ட வெற்றி. பின்னர் 1815இல் கண்டியரசும் வீழ்ந்தது. மறுவருடம் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே உயிர் நீத்தார். திப்புவின் மைந்தர்களை முன்னர் அடைத்துவைத்ததும் அதே வேலூர்க் கோட்டையில்தான்.

அவ்வாறாயின் இவ்வோவியங்கள் பொய்யென ஒதுக்கத்தக்கனவா? அன்று. வில்கியின் ஓவியம் 1799இன் இரவைவிட, 1839இன் பிரித்தானியர் தம்மை எவ்வாறு காண விரும்பினர் என்பதையே திறம்படக் கூறுகின்றது. சுவரோவியமும் மைசூரின் பெருமிதத்தைக் காட்டும் ஆவணமே. ஆதலால், சரித்திரப் படமொன்றைக் காணும் பிள்ளைகள் மூன்று வினாக்களை எழுப்பப் பழகுதல் வேண்டும்: இதனைத் தீட்டியவர் நிகழ்ச்சியை நேரிற் கண்டாரா? யார் வேண்டத் தீட்டினார்? எதிர்த்தரப்பார் தீட்டியிருந்தால் இக்காட்சி எவ்வாறு அமைந்திருக்கும்?

மூன்றாவது வினாவுக்கு விடையாக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு சுவர் இருக்கின்றது. அத்தகைய சுவர் எஞ்சாத இடங்களிலே, அவ்விடையைத் தேடுவதே சரித்திரம் பயில்வோரின் கடமை.