கடைமடைக் கணக்கு

உத்திரமேரூரில் அன்று பாய்ச்சல் கணக்கு விளையாட்டாக இருக்கவில்லை. முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) குடவோலைக் கல்வெட்டுகளின்படி, தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பிற்காலத்தில் ஏரிப் பாசன ஊர்களில் தண்ணீரைப் பங்கிடும் கவலையை வயலில் சுமந்தவர் நீர்க்கட்டி. மதகு திறந்தால் தலைமடை தானே நிறையும். எந்த வாய்க்காலை எவ்வளவு நேரம் அடைத்தால் கடைமடைக்கும் தண்ணீர் எட்டும் என்பதுதான் அவர் தீர்க்க வேண்டிய புதிர்.

பொழுதுபோக்குக்கு வேறு புதிர் இருந்தது. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். கல் தரையில் கட்டம் கிழித்தால் போதும். ஆனால் எதிரே ஓர் ஆள் வேண்டும்.

இன்று பாய்ச்சல் கணக்கே விளையாட்டாகிவிட்டது. செக் நாட்டுக் குழு ஒன்று உருவாக்கி 2020இல் முழுமையாக வெளியிட்ட, தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டான ஃபேக்டோரியோவில், ஒரு பச்சை சர்க்யூட்டுக்கு 1 இரும்புத் தகடும் 3 செப்புக் கம்பிகளும் வேண்டும். கம்பி செய்ய 3 இயந்திரம் என்றால் சர்க்யூட் செய்ய 2. மஞ்சள் கன்வேயர் நொடிக்கு 15 பொருள் சுமக்கும். வரத்து குறைந்தால் முதல் இயந்திரங்கள் எடுத்துக்கொள்ளும். வரிசையின் கடைசி இயந்திரம் காயும்.

இதில் சவால் இல்லை, வெறும் வகுத்தல் கணக்குதான் என்பார்கள். ஓர் இயந்திரத்துக்கு அது சரி. தொழிற்சாலை பெருகும்போது நேற்று நாமே போட்ட பாதை இன்றைய பாதையை மறிக்கும். ஆடுபுலியில் முடிச்சுப் போடுபவர் எதிராளி. இங்கே நாமே போட்ட முடிச்சை நாமே அவிழ்க்கிறோம். அதுவும் புதிர்தான்.

பெற்றது பெரிது. பிழையான வரிசையைப் பிரித்து மறுபடி கட்டலாம். ஒரு பொருளும் வீணாகாது. முழுப் பாய்ச்சலையும் ஒரே பார்வையில் பார்க்கும் பழக்கம் ஒரு சிறுவனுக்கும் வாய்க்கிறது. இழந்ததும் உண்டு. எதிராளியின் முகம் பார்த்துக் காய் நகர்த்திய ஆட்டம் போயிற்று. இந்த விளையாட்டில் தாக்க வரும் பூச்சிகளைக்கூட வேண்டாமென நிறுத்திவைத்து ஆடலாம்.

நீர்க்கட்டியின் கணக்குப் பிசகினால் ஒரு குடும்பத்தின் ஒரு போக நெல் போகும். திரையில் பிசகினால் சிறிது நேரம் போகும். அதனால்தான் அஞ்சாமல் கற்க முடிகிறது. கடைமடைக்காரருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை மட்டும் வயலில்தான் கற்க வேண்டியிருக்கிறது.