கட்டி என்றதும் கலங்கவும் வேண்டாம், காட்டாமல் இருக்கவும் வேண்டாம்

சில வருடங்களுக்கு முன் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு தாய் என்னிடம் வந்தார். (அவருடைய சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி எழுதுகிறேன்.) அதற்கு முன் அவர் வேறொரு வைத்தியரிடம் போயிருந்தார். மொழிபெயர்க்கப் போனது பன்னிரண்டு வயது மகன். "நெஞ்சு நோகுது எண்டு சொல்லு" என்று தாய் சொல்ல, மகனும் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறான். இருதய வருத்தமாக இருக்கலாம் என்று நினைத்து ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் சொல்ல நினைத்தது மார்பகத்தில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி. மகனுக்கு முன்னால் அதை விளக்க வெட்கம். கணவருக்கும் சொல்லவில்லை. தனக்கு ஏதும் நடந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று ஆறு மாதம் தனியே அழுதிருக்கிறார்.

அவரைப் பரிசோதித்து, மார்பக கிளினிக்குக்கு அனுப்பினேன். முடிவு: புற்றுநோய் இல்லை. "பைப்ரோசிஸ்டிக் மாற்றம்" என்று கடிதம் வந்தது. எங்கள் பெண்கள் பலருக்கும் இருக்கும், ஆனால் பலரும் பேசாத இந்த விடயத்தைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன்.

இது என்ன?

மார்பகத்தில் பால் சுரப்பிகள், குழாய்கள், நார்த் திசு, கொழுப்பு எல்லாம் கலந்து இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் ஈஸ்ட்ரஜன், புரஜெஸ்ட்ரோன் ஆகிய ஹோர்மோன்கள் கூடிக் குறையும்போது இந்தத் திசுக்களும் வீங்கி வற்றுகின்றன. காலப்போக்கில் சில இடங்களில் நார்த் திசு தடிக்கும். சில இடங்களில் நீர் நிறைந்த சிறு பைகள் உருவாகும். இதனால் தொட்டால் கரடுமுரடாக, கயிறு திரித்தது போல அல்லது சிறு உருண்டைகளாகத் தட்டுப்படும். கூடுதலாக அக்குள் பக்கத்து மேல்பகுதியில் இதை உணரலாம்.

முப்பது முதல் ஐம்பது வயது வரையான பெண்களில் இது மிகச் சாதாரணம். மாதவிடாய்க்கு முந்திய ஒன்று இரண்டு வாரங்களில் நோவும் பாரமும் கூடி, மாதவிடாய் வந்ததும் குறையும். மாதவிடாய் முற்றாக நின்ற பின் பெரும்பாலும் அடங்கிவிடும். ஹோர்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு அதன் பின்னும் தொடரலாம். இது நோய் என்பதை விட, உடலின் இயல்பான மாற்றம் என்பதே பொருத்தம். சாதாரண நீர்க்கட்டி புற்றுநோயாக மாறுவதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கையால் தொட்டுப் பார்த்து மட்டும் எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. நான் ஒரு வைத்தியர்; எனக்கே நாற்பத்தொரு வயதில் ஒரு கட்டி தட்டுப்பட்டபோது "இது ஹோர்மோன்தான்" என்று எனக்கு நானே சொல்லி மூன்று வாரம் கடத்தினேன். நோயாளி ஒருவர் அப்படிச் செய்திருந்தால் ஏசியிருப்பேன். எனக்கும் நீர்க்கட்டிதான். ஆனால் அது ஸ்கான் செய்த பிறகே தெரிந்தது.

இங்கிலாந்தில் உங்கள் ஜீ.பி. மார்பக கிளினிக்குக்கு அனுப்பினால், வழக்கமாக வைத்தியர் பரிசோதிப்பார். பிறகு ஸ்கான் அல்லது மமோகிராம் செய்வார்கள். தேவையானால் ஊசியால் சிறிதளவு திசு எடுப்பார்கள். நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் திசு அடர்த்தியாக இருப்பதால் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானே முதலில். "அவசரம்" என்று அனுப்பினால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அப்படிப் போகும் பெண்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

நோவுக்கு என்ன செய்யலாம்?

* அளவான, நன்றாகத் தாங்கிப் பிடிக்கும் பிரா அணியுங்கள். பல வருடங்களுக்கு முன் வாங்கிய அளவு இன்று பொருந்தாமல் இருக்கலாம். நோ கூடிய நாட்களில் இரவிலும் மென்மையான ஒன்றை அணியலாம்.
* பனடோல், அல்லது நோவுள்ள இடத்தில் பூசும் இபுபுரோபன் ஜெல் உதவும். கர்ப்பிணிகளும் வேறு மருந்து எடுப்பவர்களும் பார்மசியில் கேட்டு வாங்குங்கள்.
* தேநீர், கோப்பியைக் குறைத்தால் சுகம் என்று சிலர் சொல்வார்கள். உறுதியான ஆதாரம் இல்லை. குறைத்துப் பார்ப்பதில் நட்டமும் இல்லை.
* ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் பலர் வாங்குவது. போதிய பலன் நிரூபிக்கப்படாததால், மார்பக நோவுக்கான மருந்தாக அதற்கு இருந்த அனுமதி பிரித்தானியாவில் 2002இல் விலக்கப்பட்டது.
* நீர்க்கட்டி பெரிதாகி நொந்தால் கிளினிக்கில் ஊசியால் நீரை எடுத்துவிடுவார்கள். சில நிமிட வேலை.

எப்போது பொறுத்திருக்கக் கூடாது?

புதிதாக ஒரு கட்டி வந்தால். மாதவிடாய் முடிந்த பின்னும் அது குறையாவிட்டால். தோல் குழி விழுந்தால், சிவந்தால் அல்லது தோடம்பழத் தோல் போல ஆனால். முலைக்காம்பு உள்ளே இழுபட்டால், அதிலிருந்து இரத்தம் கசிந்தால். அக்குளில் கட்டி இருந்தால் உடனே ஜீ.பி.யிடம் காட்டுங்கள். மாதவிடாய் நின்ற பின் வரும் கட்டியை ஒருநாளும் "பழையதுதானே" என்று விடாதீர்கள்.

சந்திப்புக்குப் பதியும்போதே பெண் வைத்தியர் வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். என்.எச்.எஸ்.இல் மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. பிள்ளைகளை இதற்குக் கூட்டிப் போகாதீர்கள். "நெஞ்சு" என்று மட்டும் சொல்லாமல், "மார்பகத்தில் கட்டி" என்று தெளிவாகச் சொல்லுங்கள்; கையை வைத்துக் காட்டுங்கள். இங்கிலாந்தில் 50 வயதிலிருந்து 71ஆவது பிறந்தநாள் வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மமோகிராமுக்கு அழைப்பு வரும். கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். அதேவேளை, கட்டி தட்டுப்பட்டால் அந்த அழைப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

அந்தத் தாய்க்குத் திரும்ப வருகிறேன். நான்கு வருடம் கழித்து மற்றப் பக்கத்தில் இன்னொரு கட்டி. "போன முறை ஒண்டும் இல்லை எண்டவை, இதுவும் அப்பிடித்தான் இருக்கும் எண்டு மனம் சொல்லிச்சுது டொக்டர். எண்டாலும் வந்திட்டன்" என்றார். ஒரு வாரத்துக்குள் வந்திருந்தார், மகன் இல்லாமல். இந்த முறை அது சிறிய புற்றுநோய். பழைய மாற்றம் முற்றி வந்ததல்ல, அதனுடன் சம்பந்தமில்லாத வேறொன்று. ஆரம்பத்திலேயே பிடித்ததால் சத்திரசிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையும் போதுமாக இருந்தன. இப்போது நலமாக இருக்கிறார்.

முதல் கட்டிக்கு ஆறு மாதம் பயந்து வீணாக அழுதார். இரண்டாவதை ஒரு வாரத்தில் காட்டித் தப்பினார். ஒருமுறை "ஒன்றுமில்லை" என்று சொன்னது அந்தக் கட்டிக்கு மட்டும்தான். அடுத்த கட்டியை மறுபடியும் காட்டத்தான் வேண்டும்.

இன்று இரவு இதை உங்கள் மனைவிக்கோ அக்காவுக்கோ தங்கைக்கோ வாசித்துக் காட்டுங்கள். அம்மாவுக்கும்தான்.